தோட்டத்து வாத்தியார் முதல் இணையவழி வகுப்பு வரை

இலங்கையில் ஒக்டோபர் 6ஆம் திகதி ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று பாடசாலைகள்தோறும் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மாலையிடுவர், வாழ்த்துப்பா பாடுவர், கலை நிகழ்ச்சிகள் நடத்துவர். மலையகத்தில் இரண்டு மூன்று ஆசிரியர்களே கடமையாற்றும் சிறிய தோட்டப் பாடசாலையிலும் அந்த நாள் ஒரு திருநாள்தான். ஆனால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த நாள் வந்தபோது பாடசாலைக் கதவுகள் பூட்டியிருந்தன. கொவிட்-19 பெருந்தொற்றுக் காலம் அது. ஆசிரியரும் மாணவரும் கையடக்கத் தொலைபேசித் திரையில் சந்தித்துக்கொள்வார்கள் என்று நாடு எதிர்பார்த்தது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் ஏராளமான பிள்ளைகளுக்கு அந்தத் திரையே இருக்கவில்லை.

2020 மார்ச் தொடக்கம் 2021 நவம்பர் வரையான ஏறத்தாழ இருபது மாதங்களில் மலையக ஆசிரியர்கள் ஆற்றிய பணி இன்னும் முறையாக எழுதப்படவில்லை. அதனை எழுத முற்படும் எவரும் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தோட்டப் பாடசாலை வரலாற்றுக்குள் பிரவேசிக்காமல் இருக்க முடியாது. ஏனெனில் இணையவழி வகுப்பில் வெளிப்பட்ட குறை 2020இல் முளைத்த ஒன்றல்ல. கல்வி வழங்கும் கடமை சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் இருக்கும். அதனை நிறைவேற்றும் சுமை ஆசிரியரின் தோளில் இருக்கும். இந்த ஏற்பாட்டின் கதைதான் மலையகக் கல்வியின் கதை.

உபதேசியாரும் இஸ்தோப்புப் பள்ளியும்

1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். கோப்பி பருவகாலப் பயிர். அறுவடை முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். எனவே அக்காலத்தில் பிள்ளைகளின் கல்வி பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கினார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அடியோடு சாய்க்க, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக லயன் காம்பராக்களில் நிலைகொண்டனர். பிள்ளைகள் தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தனர். அவர்களுக்கு யார் எழுத்தறிவிப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

முதலில் வந்தவர்கள் மிஷனரிகள். 1854இல் அங்கிலிக்கன் திருச்சபையினர் தோட்டத் தமிழருக்கென 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் தமிழ் உபதேசியார்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சென்று மதபோதனை செய்தனர். ஆங்காங்கே பள்ளிகளையும் ஏற்படுத்தினர். மலையகத்தின் முதல் நடமாடும் ஆசிரியர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். இன்னொரு புறம், எழுத வாசிக்கத் தெரிந்த யாரோ ஒருவர் மாலை வேளையில் லயத்து இஸ்தோப்பில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அரிச்சுவடியும் எண்சுவடியும் சொல்லிக் கொடுப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. கங்காணியின் ஆதரவும் பெற்றோர் மனமுவந்து கொடுக்கும் அரிசியும் காய்கறியுமே அவருக்கான சன்மானம்.

அரசாங்கம் தலையிட நெடுங்காலம் பிடித்தது. 1905இல் அமைக்கப்பட்ட வேஸ் ஆணைக்குழுவின் விசாரணைகளை அடுத்து 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கெனத் தகுந்த அறையொன்றை ஒதுக்கிப் பராமரிப்பதும் தோட்டத் துரையின் பொறுப்பு என்று அச்சட்டம் கூறிற்று. படித்த பிள்ளை மம்மட்டி பிடிக்க வராது என்று அஞ்சிய தோட்டத் துரைமார் இதனை விரும்பி ஏற்கவில்லை. கடமை இருந்தது, அதனைக் கண்டிப்புடன் நிறைவேற்றும் ஏற்பாடு இருக்கவில்லை. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் ஓரளவு இறுக்கத்தைக் கொண்டுவந்தது. தோட்டப் பாடசாலைகள் பதிவு செய்யப்பட்டு அரசாங்க நன்கொடை பெற்றன. ஆயினும் பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை என்ற அளவிலேயே நின்றது.

ஓர் அறை, ஐந்து வகுப்பு

அந்த ஒற்றை ஆசிரியரைத்தான் மலையக மக்கள் 'தோட்டத்து வாத்தியார்' என்று அழைத்தனர். அதிகாலையில் தப்புச் சத்தம் கேட்டு ஆண்களும் பெண்களும் பிரட்டுக் களத்துக்குப் புறப்படுவார்கள். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பாடசாலைக்குக் கொண்டுவருவதே வாத்தியாரின் முதல் வேலை. மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் நடந்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும், விறகு பொறுக்கப் போகும் பிள்ளையையும் அழைத்து வருவார்.

பிறகு ஐந்து வகுப்பையும் ஓர் அறையில் அமர்த்த வேண்டும். ஒரு வரிசைக்குக் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு வாசிப்பு. மூத்த பிள்ளை ஒன்று கீழ் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும். இதற்கிடையில் இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டவும், பதில் எழுதித் தரவும் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக் கணக்கும், சங்கத்து மனுவும் பல இடங்களில் அவருடைய கையெழுத்தில்தான் இருந்தன. சம்பளத்துக்கு அவர் தோட்ட நிர்வாகத்தை நம்பியிருந்தார். எனவே துரையின் முகக் கோணல் ஒன்றே அவரது வேலைக்கு உலை வைக்கப் போதுமானதாக இருந்தது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை கொடுத்தால் வீட்டுக்கு அரைச் சம்பளமாவது வரும் என்ற நிலையில், படிக்க அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடியவரும் அவரே.

இந்த ஆசிரியர்களின் பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் அதிகம் காணப்படுவதில்லை. ஆனால் அவர்களது பணியின் பயன் காணக் கிடைக்கின்றது. மலையக இலக்கியத்தின் முதுபெரும் படைப்பாளி தெளிவத்தை ஜோசப் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகன். தாமும் ஆசிரியராகப் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தமது பெயரோடு இணைத்துக்கொண்டவர். ஓர் அறைப் பாடசாலை ஒரு சமூகத்துக்கு எதனைத் தர முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இலவசக் கல்வியின் வாசலுக்கு வெளியே

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரும் கதவைத் திறந்தது. தோட்டப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் கதவு பாதிகூடத் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கமே பொறுப்பேற்பதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்தது. நடைமுறையில் கைகூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் நாடற்றதாயிற்று, வாக்குரிமையையும் இழந்தது. வாக்கில்லாதவனின் பிள்ளைக்குப் பாடசாலை கட்ட எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது நாட்டின் கல்வி வரைபடமே மாறியது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் அந்த வரைபடத்துக்கு வெளியே விடப்பட்டன. கிராமத்துப் பிள்ளை அரசாங்க ஆசிரியரிடம் படித்த அதே காலத்தில், அடுத்த மலையில் இருந்த தோட்டத்துப் பிள்ளை துரையின் தயவில் நடந்த பாடசாலையில் படித்தது.

இந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் இருந்தது. ஹட்டன் நகரில் மெதடிஸ்த மிஷனரிகளால் உருவாக்கப்பட்ட ஹைலன்ட்ஸ் கல்லூரி தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு சிலரையாவது உயர் வகுப்புக்கு இட்டுச் சென்றது. அங்கு ஆசிரியராகவும் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம், எழுத்தாளர் திருச்செந்தூரன் முதலியோர் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாம் யார், நமது உரிமை எது என்ற கேள்வியையும் மாணவர் மனத்தில் விதைத்தனர். 1960களின் மலையக எழுச்சி பற்றிப் பேசுவோர் அந்த வகுப்பறைகளைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. ஆனால் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களில் ஆசிரியர்களும் இருந்தனர். பாதியில் படிப்பை விட்ட மாணவர்களும் இருந்தனர். இர. சிவலிங்கமும் பின்னாளில் தமிழகம் சென்று, தாயகம் திரும்பியோரிடையே பணியாற்றினார்.

1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையில் 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத்தைப் பட்டினி சூறையாடியது. அரைவயிற்றுப் பிள்ளைக்குப் பாடம் நடத்த வேண்டிய நிலை ஆசிரியருக்கு ஏற்பட்டது. தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்த பின்னர், தோட்டத்துப் பாடசாலையை மட்டும் வெளியே வைக்க நியாயம் எதுவும் மிஞ்சவில்லை. 1977இல் தொடங்கிக் கட்டங் கட்டமாகத் தோட்டப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. ஏனைய பாடசாலைகளுக்கு 1960களின் தொடக்கத்தில் கிடைத்தது தோட்டப் பிள்ளைக்கு வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிந்தியது.

தோட்டத்துப் பிள்ளையே ஆசிரியராக

கட்டடம் கைமாறியதும் கல்வி வளர்ந்துவிடவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வந்த ஆசிரியர்கள் பலர், குளிரும் தூரமும் தங்குமிட வசதியின்மையும் தாங்காமல் இடமாற்றம் பெற்றுச் சென்றனர். இதற்கு மாற்றாக எழுந்த சிந்தனை மிக எளிமையானது. தோட்டத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கினால் அவர்கள் எங்கே ஓடப் போகிறார்கள்?

1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன் பெருந்தோட்டப் பாடசாலைகளின் அபிவிருத்தித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து இளைஞர், யுவதிகள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். 1990களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. மலையகத்துக்கென ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் மலையகத்திலேயே அமைந்தது ஒரு திருப்புமுனை என்றே சொல்ல வேண்டும். லயத்து விளக்கில் படித்த பிள்ளை, தான் பிறந்த தோட்டத்துக்கே ஆசிரியையாகத் திரும்பிய காட்சியை மலையகம் அப்போதுதான் பரவலாகக் கண்டது.

இருப்பினும் பழைய கணக்கு மறையவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்ப்பதற்கென 2014, 2015ஆம் ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 பேர் 'ஆசிரியர் உதவியாளர்' என்ற பெயரில் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபா. பின்னர் 10,000 ரூபா. வகுப்பில் அவர்கள் முழு ஆசிரியர். சம்பளப் பட்டியலில் உதவியாளர். பயிற்சியை முடித்துச் சேவையில் உள்வாங்கப்படும்வரை அந்தத் தொகையில்தான் பஸ் கட்டணமும் வீட்டுச் செலவும். இஸ்தோப்புப் பள்ளி வாத்தியாருக்குக் கிடைத்த அரிசியும் காய்கறியும் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

2020: சுற்றறிக்கை வந்தது, சமிக்ஞை வரவில்லை

2020 மார்ச் 12ஆம் திகதி, மறுநாள் முதல் பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவிப்பு வெளியானது. உலகெங்கும் இதே நிலைதான். 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் கல்வி தடைப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கூறியது. அவர்களுள் குறைந்தது 46 கோடி 30 இலட்சம் பிள்ளைகளுக்குத் தொலைக்கல்வி எந்த வடிவிலும் எட்டவில்லை என்று 2020 ஓகஸ்டில் யுனிசெஃப் தெரிவித்தது. இலங்கையில் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளமும், 'குருகெதர' தொலைக்காட்சி வகுப்புகளும் முன்வைக்கப்பட்டன. நேத்ரா அலைவரிசையில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களை அமைத்தனர். வசதியுள்ளோர் சூம் வகுப்பு நடத்தினர். இலங்கையின் 43 இலட்சம் மாணவர்களில் அதிகபட்சம் நாற்பது வீதத்தினரே இணையவழி வகுப்பில் பங்கேற்க முடியும் என்பது 2021இல் இலங்கை ஆசிரியர் சங்கம் வெளியிட்ட மதிப்பீடு.

தோட்டத்தில் அந்த நாற்பது வீதம் எங்கே? நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று பிரித்து அரசாங்கம் வெளியிடும் கணினி அறிவுப் புள்ளிவிபரங்களில் பெருந்தோட்டம் எப்போதும் கடைசி வரியில்தான் நிற்கும். 2019 ஜனவரியில் ஒப்பந்தமான தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 1,000 ரூபாவுக்கான வர்த்தமானி 2021 மார்ச்சில்தான் வெளியானது. மாதத்தில் கிடைக்கும் வேலை நாட்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு திறன்பேசியின் விலை தாயின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில் படிக்கும் வீட்டில் என்ன செய்வது? தொலைபேசி ஒன்று இருந்தாலும், அது கொழும்பில் கடையில் வேலை செய்யும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். ஊரடங்குக் காலத்திலும் தேயிலைத் தொழில் நிறுத்தப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. பெற்றோர் மலைக்கு வேலைக்குச் சென்றுவிட, பகல் வேளையில் பிள்ளையின் அருகே இருந்து பாடத்தைத் திறந்து கொடுக்கவும் ஆளில்லை.

அடுத்தது சமிக்ஞை. லயன்கள் பெரும்பாலும் மலையடிவாரங்களிலும் ஆற்றோரப் பள்ளங்களிலும் கட்டப்பட்டவை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, இராகலை என்று எந்தப் பக்கம் போனாலும் மலை மறைத்த தோட்டப் பிரிவுகள் உண்டு. அங்கே சமிக்ஞை வேண்டுமானால் தேயிலை மலையின் உச்சிக்கு ஏற வேண்டும். பிள்ளைகள் ஏறினார்கள், மழையில் குடை பிடித்துக்கொண்டு பாறைமேல் அமர்ந்து பாடம் எழுதினார்கள். அட்டைக் கடியும் குளவிக் கொட்டும் சிறுத்தை நடமாட்டமும் உள்ள இடங்கள் அவை. ஊவாவில் பிபிலைப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றில் ஆசிரியையும் மாணவர்களும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறையேறி வகுப்பு நடத்திய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. வறுமைக்கும் மலைக்கும் இன பேதம் இல்லை என்பதை அந்தச் செய்தி உணர்த்திற்று.

வட்ஸ்அப் வகுப்பு என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இலகுவாகத் தோன்றும். ஆசிரியை பாடத்தைத் தாளில் அழகாக எழுதுவார்; படமெடுத்துக் குழுவில் இடுவார்; குரல்பதிவாக விளக்கம் அனுப்புவார். தந்தையோ அண்ணனோ மாலையில் வீடு வந்த பின்னரே பிள்ளை அதனைப் பார்க்கும். கொப்பியில் எழுதி, படமெடுத்து, திருப்பி அனுப்ப இரவு ஒன்பது மணியாகும். நாற்பது கொப்பிகளின் மங்கலான படங்களைச் சிறிய திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தி முடிக்க ஆசிரியைக்கு நள்ளிரவாகும். டேட்டாவுக்கான ரீலோட் அவருடைய பணத்தில். அவரும் ஒரு லயத்துப் பிள்ளைதான். அவர் வீட்டிலும் படிக்கும் பிள்ளைகள் இருக்கும். அவர்களுக்கும் அதே தொலைபேசிதான்.

குழுவில் இல்லாத பிள்ளைகளின் கதி என்ன? இங்கேதான் பழைய தோட்டத்து வாத்தியார் மீண்டும் எழுந்து வந்தார். பல தோட்டங்களில் ஆசிரியர்கள் செயலட்டைகளைத் தயாரித்து, சொந்தச் செலவில் போட்டோ பிரதி எடுத்து, லயன் லயனாக நடந்து கொடுத்தனர். சில நாட்களில் திரும்பச் சென்று சேகரித்துத் திருத்தினர். கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் நாலைந்து பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர்த்திப் பாடம் சொன்னவர்களும் உண்டு. நோய் தொற்றும் அச்சம் இருபுறமும் இருந்தது. தோட்டமொன்று தனிமைப்படுத்தப்பட்டால் செயலட்டையும் நின்றுவிடும். நூற்றாறுபது ஆண்டுகளுக்கு முன் உபதேசியார் நடந்த அதே ஒற்றையடிப் பாதையில், செய்மதித் தொழில்நுட்ப யுகத்தின் ஆசிரியை கடதாசிக் கட்டுடன் நடந்தார்.

நூற்றைந்து நாட்கள்

2021 ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான போராட்டத்தில் சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டதை அடுத்து எழுந்த எதிர்ப்பு, 1997 முதல் நீடித்த சம்பள முரண்பாட்டுக்கான போராட்டமாக உருவெடுத்தது. ஒக்டோபர் 25ஆம் திகதி ஆசிரியர்கள் கடமைக்குத் திரும்பினர். இடையில் நூற்றைந்து நாட்கள். அந்த ஆண்டு நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் சம்பள முரண்பாட்டுக்கென 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது.

பிள்ளைகளைப் பணயம் வைத்த போராட்டம் என்று அன்று பலர் கண்டித்தார்கள். பிள்ளைகளுக்கு இழப்பு ஏற்பட்டது உண்மை. அதனை மறைப்பது நேர்மையாகாது. தனியார் வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய நகரத்துப் பிள்ளையைவிடத் தோட்டத்துப் பிள்ளையே அதிகம் இழந்தது என்பதும் உண்மை. ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். இணையவழிக் கற்பித்தலுக்கான தொலைபேசியை யார் வாங்கினார்? டேட்டாவுக்கு யார் பணம் கட்டினார்? ஆசிரியர் விலகியதும்தான் வகுப்பு அவருடைய பணத்தில் நடந்து வந்தது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. 24 ஆண்டுகளாகத் தீராத முரண்பாட்டைச் சுமந்தவர்களிடம் தியாகத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பதும் ஒருவகை அநீதியே.

பாடசாலைகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி மீண்டும் திறக்கத் தொடங்கியபோது, 200க்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட ஆரம்பப் பாடசாலைகளுக்கே முதலிடம் கிடைத்தது. தோட்டப் பாடசாலைகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை. சிறியது என்பதாலேயே முதலில் திறக்கும் அதிர்ஷ்டம் அவற்றுக்கு அன்றுதான் வாய்த்தது. ஆனால் பரீட்சைகள் பேதம் பார்க்கவில்லை. பிற்போடப்பட்ட ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை 2022 ஜனவரியிலும், உயர்தரப் பரீட்சை பெப்ரவரியிலும், சாதாரண தரப் பரீட்சை மே மாதத்திலும் நடைபெற்றன. சூம் வகுப்பில் படித்த பிள்ளைக்கும் பாறைமேல் படித்த பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்.

அயலில் ஒரு பாடம்

இதே இழப்பைத் தமிழகமும் சந்தித்தது. அங்கே 2021 ஒக்டோபர் 27ஆம் திகதி விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளின் குடியிருப்புக்கே சென்று சுமார் இருபது பேர் கொண்ட குழுக்களுக்குக் கற்பித்தனர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சிறிதுதான், குறைகளும் சொல்லப்பட்டன. ஆனால் பிள்ளையின் வீட்டுக்கு நடந்து செல்வது ஒரு பணி, அதற்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருந்தது. மலையகத்தில் அதே பணியை ஆசிரியர்கள் எவரும் கேட்காமலே செய்தார்கள். அதற்குத் திட்டம் என்று பெயரில்லை, ஊக்கத்தொகையும் இல்லை.

பெருந்தொற்று போய்விட்டது, ஆபத்து போகவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடப்பட்டபோது மீண்டும் இணையவழி வகுப்பே பேசப்பட்டது. அந்த ஆண்டு மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன என்றால், செயலட்டைக்குக் கடதாசி எங்கே? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலைநாட்டைச் சிதைத்தன. வகுப்பறை மூடப்படும் நாள் இனியும் வரும். அப்போதும் ஆசிரியரின் கைப்பணத்தை நம்பியே நாம் இருக்கப் போகிறோமா?

செய்ய வேண்டியவை பெரிய இரகசியங்கள் அல்ல. தோட்டந்தோறும் சமிக்ஞை கிடைக்கும் ஒரு பொது இடத்தில் கற்றல் நிலையம் அமைக்கலாம். பாடசாலையில் இரவல் கொடுக்கக்கூடிய சில கருவிகளை வைத்திருக்கலாம். செயலட்டை அச்சிடவும் டேட்டாவுக்கும் பாடசாலைக் கணக்கில் சிறு நிதி ஒதுக்கலாம். நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேல் தோட்டங்களில் வாழ்கிறது. எனவே இங்கே இது விதிவிலக்கான ஏற்பாடு அல்ல. பொது ஏற்பாடாகவே இருக்க வேண்டும்.

இறுதியாக மலையக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதிபர் வந்தது, அதிகாரி பார்வையிட்டது, கூரை ஒழுகியது எல்லாம் அதில் பதிவாகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் எந்த லயத்துக்கு யார் நடந்து சென்றார், எத்தனை செயலட்டை கொடுத்தார், எந்தப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை என்பதை இப்போதாவது எழுதி வையுங்கள். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கம் நமக்குத் தெரியும். அச்சட்டத்தின் கீழ் ஓர் அறையில் ஐந்து வகுப்பை நடத்திய வாத்தியார்மாரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால், அவர்களைத் தேடி நாளைக்கும் ஒருவர் போகலாம்.